பெடல் ஸ்டீல்: ஏ பெடலையும் எஃப் லீவரையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வைப்பது எப்படி?

சாட்ஸ்வர்த்_ஸ்டீல்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பெடல் ஸ்டீல் கித்தார் (தந்திமேல் டோன்பார் என்ற உலோகக் கட்டையை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் ஸ்ருதியை மாற்றி வாசிப்பது). பத்துத் தந்தி, ஈ9 ஸ்ருதி, மூன்று பெடல், நாலு முழங்கால் லீவர், எமன்ஸ் முறை (பெடல் வரிசை இடமிருந்து ஏ, பி, சி). அமைப்பு இது:

ஏ பெடல்: 5, 10ஆம் தந்திகள் பி → சி ஷார்ப்
பி பெடல்: 3, 6 ஜி ஷார்ப் → ஏ
சி பெடல்: 4 ஈ → எஃப் ஷார்ப், 5 பி → சி ஷார்ப்
எல்கேஎல் (இடது முழங்கால், இடப்பக்கம்; எஃப் லீவர் என்பது இதுதான்): 4, 8 ஈ → எஃப்
எல்கேஆர் (இடது முழங்கால், வலப்பக்கம்): 4, 8 ஈ → ஈ ஃப்ளாட்
ஆர்கேஎல்: 1 எஃப் ஷார்ப் → ஜி ஷார்ப், 2 டி ஷார்ப் → ஈ
ஆர்கேஆர்: 2 டி ஷார்ப் → டி → சி ஷார்ப், 9 டி → சி ஷார்ப்

கிறிஸ்தவ சபையில் கீர்த்தனைகளுக்கு மெதுவாகப் பின்னணி வாசிக்க வேண்டும். 4, 5, 6ஆம் தந்திகளில் ஜி மேஜரை 3ஆம் ஃப்ரெட்டில் வெறுமனே பிடித்து, 6இல் ஏ + எஃப் லீவர், பிறகு 10இல் ஏ + பி என்று ஏறுகிறேன். நாலு சிக்கல்:

1. 3இலிருந்து 6க்குப் போகும்போதும் 6இலிருந்து 10க்குப் போகும்போதும் நடுவில் வேறு ஏதோ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தலைகாட்டிவிட்டுத்தான் ஜி வருகிறது.
2. 6ஆம் ஃப்ரெட்டில் பெடலும் லீவரும் முழுதாக அமுங்கிய பிறகும் ஸ்ருதி இறங்கியே கேட்கிறது.
3. எல்கேஆரை விட்ட பிறகு 4ஆம் தந்தி பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை.
4. வலது முழங்காலை ஆர்கேஆருக்குத் தள்ளினால் வால்யூம் கூடிவிடுகிறது.

எதை முதலில் சரி செய்ய வேண்டும்? இதற்கென்று பயிற்சி முறை இருந்தால் சொல்லுங்கள்.

---

நேட்டால்_தந்தி:

தம்பி, பயிற்சிக்கு முன்னால் உட்காரும் இடத்தைச் சரி பாருங்கள். கால் தடுமாறுகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லீவர் தவறான இடத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

ஸ்டூலின் உயரம் தொடை தரைக்குச் சமமாக இருக்கும்படி அமையட்டும். இடது பாதத்தின் முன்பகுதி ஏ, பி இரண்டு பெடல்களின் இடைவெளிக்கு நேர் மேலே வர வேண்டும், குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். வலது பாதம் வால்யூம் பெடல்மேல் நேராக விழ வேண்டும். இந்த இரண்டும் சரியாகும்வரை ஸ்டூலை இடமும் வலமும் நகர்த்துங்கள். லீவர்களை இப்போது தொடவே வேண்டாம்.

பாதம் நிலைத்த பிறகு லீவர்களைக் கவனியுங்கள். முழங்கால் தளர்வாக நிற்கும்போது இடப்பக்கம் ஒரு விரல் தடிமன், வலப்பக்கம் ஒரு விரல் தடிமன் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் முழங்கால் பயணம் போய்ச் சேருவதற்குள் பாதம் வேலையை முடித்துவிடும். இடைவெளியே இல்லாமல் உரசிக்கொண்டு இருந்தால் ஏ பெடலுக்குப் பாதத்தைச் சாய்க்கும்போதெல்லாம் எஃப் லீவர் கொஞ்சம் அசைந்து 4ஆம் தந்தி ஏறிவிடும். பெரும்பாலான கித்தார்களில் லீவரின் கோணத்தை ஒரு ஸ்க்ரூ வைத்து மாற்றலாம். இல்லையென்றால் லீவர்மேல் தோலோ ஃபெல்ட்டோ ஒட்டி இடைவெளியைக் குறைக்கலாம்.

ஏ பெடலைத் தனியாக அமுக்கப் பாதத்தைத் தூக்கி நகர்த்தக் கூடாது. கணுக்காலை வெளிப்பக்கம் சாய்த்தால் சுண்டுவிரல் பக்கம் ஏ பெடலை அமுக்கும். உள்பக்கம் சாய்த்தால் பெருவிரல் பக்கம் பி பெடலை அமுக்கும். நேராக அமுக்கினால் இரண்டும். 1954இல் பட் ஐசக்ஸ் இந்த வாத்தியத்தைப் பிரபலமாக்கியபோது இந்த இரண்டு மாற்றமும் ஒரே பெடலில்தான் இருந்தன. அதை இரண்டு பெடலாகப் பிரித்தவர் பட்டி எமன்ஸ். ஒரே பாதம் இரண்டின்மேலும் தங்கியபடி சாய்ந்து விளையாட வேண்டும் என்பதற்காகவே இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் முறையில் ஏ பெடல் இடது ஓரம், எஃப் லீவரும் இடப்பக்கம். கணுக்கால் சாயும் திசையும் முழங்கால் போகும் திசையும் ஒன்றே. ஆகவே ஏ + எஃப் என்பதை இரண்டு வேலையாக நினைக்காதீர்கள், கால் முழுவதும் இடப்பக்கம் சாய்வதாக நினையுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் மட்டும் இது நடக்காது. குதிகால் எழும்புகிறது என்றால் பெடல் உயரமாக இருக்கிறது, பெடல் ராடின் நீளத்தைச் சரிசெய்து பெடலைத் தாழ்த்துங்கள்.

---

டோங்காட்_செவி:

மேலே அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

"நடுவில் வேறு ஏதோ கார்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "ஏதோ" என்ன என்று காது கொடுத்துக் கேட்டால் எந்த உறுப்பு தாமதம் என்பதை அதுவே சொல்லிவிடும். 4, 5, 6ஆம் தந்திகளுக்குக் கணக்கு போட்டுத் தருகிறேன், ஒரு தாளில் எழுதி ஆம்ப்மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3ஆம் ஃப்ரெட், வெறும் நிலை: ஜி, டி, பி. 6ஆம் ஃப்ரெட்டில் ஏ + எஃப் லீவர் சரியாக வந்தால்: பி, ஜி, டி. அதே ஜி மேஜர், உச்சியில் பி.

6இல் ஜி மைனர் கேட்டால் முழங்கால் தாமதம். பாதம் வந்துவிட்டது, 4ஆம் தந்தி இன்னும் பி ஃப்ளாட்டிலேயே நிற்கிறது.
6இல் பி டிமினிஷ்டு கேட்டால் பாதம் தாமதம். 5ஆம் தந்தி எஃப்-இல் நிற்கிறது.
6இல் பி ஃப்ளாட் மேஜர் கேட்டால் இரண்டுமே தாமதம், கை மட்டும் முந்திவிட்டது. இனிமையான மேஜர் கார்டாகவே இருப்பதால் காது ஏமாந்துபோகும், கவனமாகக் கேளுங்கள்.
6இல் ஜி ஆக்மெண்டெட் கேட்டால் பாதம் போதுமான அளவு சாயவில்லை, பி பெடலையும் சேர்த்து அமுக்கியிருக்கிறீர்கள். 6ஆம் தந்தி டி-யிலிருந்து டி ஷார்ப்புக்குப் போயிருக்கும்.

அடுத்து 6இலிருந்து 10. இங்கே ஏ பெடல் அமுங்கியபடியே இருக்க வேண்டும், எஃப் லீவர் விடுபட வேண்டும், பி பெடல் சேர வேண்டும். சரியாக வந்தால்: டி, பி, ஜி.

10இல் ஜி ஆக்மெண்டெட் கேட்டால் எஃப் லீவரை விடத் தாமதம், 4ஆம் தந்தி ஈ ஃப்ளாட்டில் இருக்கிறது.
10இல் பி மைனர் கேட்டால் பி பெடல் தாமதம்.
10இல் ஜி, ஏ, டி என்று மூன்றாம் ஸ்வரமே இல்லாத வெற்றுச் சத்தம் வந்தால், பாதத்தை நேராக்கும்போது ஏ பெடல் கைவிட்டுப் போயிருக்கிறது. இது நிறையப் பேருக்கு நடக்கும். எஃப் லீவரை விட முழங்காலை வலப்பக்கம் கொண்டுவரும்போது பாதமும் கூடவே உருண்டு ஏ பெடலின் அமுக்கம் குறைகிறது. முழங்கால் வலப்பக்கம் வரட்டும், சுண்டுவிரல் பக்கத்து எடை அப்படியே இருக்கட்டும். இந்த ஓர் அசைவை மட்டும் தனியாக, டோன்பாரை நகர்த்தாமல் ஒரே ஃப்ரெட்டில் செய்து பழகுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. ஏ பெடல் தந்தியை முழு டோன் ஏற்றுகிறது, எஃப் லீவர் அரை டோன்தான். அதனால் பொதுவாக லீவரின் பயணம் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கினால் ஒன்றாகப் போய்ச் சேராது. பாதம் ஒரு மூச்சு முன்னால் கிளம்பட்டும், முழங்கால் பின்னால் வந்து சேரட்டும். முடிவு ஒன்றாக இருந்தால் போதும். உங்கள் கித்தாரில் லீவர் பயணம் நீளமாக அமைத்திருந்தால் இந்த வித்தியாசம் குறையும்.

பயிற்சி:

முதலில் தந்தியை மீட்டாமல், மெட்ரோனோம் 60இல், ஒவ்வொரு நிலையிலும் நாலு தட்டு நின்று, நாலாவது தட்டின் பின்பாதியில் நகருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஆம்ப் இல்லாமல் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை.

இரண்டாவதாக, புது நிலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மீட்டுங்கள். மேலே சொன்ன அட்டவணைப்படி கார்டைக் கண்டுபிடித்து வாயால் சொல்லுங்கள்: "மைனர், முழங்கால்." "டிமினிஷ்டு, பாதம்." மூன்று முறை தொடர்ந்து சுத்தமான ஜி வந்தால் அடுத்த படி.

மூன்றாவதாக, பழைய நிலையில் மீட்டிவிட்டு, ஒலி நீடிக்கும்போதே நகருங்கள். கடினம் இங்கேதான். கை 3 ஃப்ரெட் தூரம் போகிறது, கால் அதே நேரத்தில் சாய்கிறது, எல்லாமே காதில் விழுகிறது.

இது பிடிபட்ட பிறகு 3ஆம் ஃப்ரெட்டை விட்டு நகராமல் 5, 6, 8ஆம் தந்திகளில் ஜி, சி, டி7, ஜி வாசியுங்கள். வெறும் நிலை ஜி. ஏ + பி அமுக்கினால் சி. ஏ-வை விட்டு, பி-யை வைத்துக்கொண்டு, எல்கேஆரைத் தள்ளினால் டி, சி, எஃப் ஷார்ப், அதாவது டி7. எல்லாவற்றையும் விட்டால் மறுபடி ஜி. சி-யிலிருந்து டி7க்குப் போகும்போது டி, சி, ஜி என்று தொங்கலாகக் கேட்டால் முழங்கால் தாமதம். ஈ, சி, எஃப் ஷார்ப் என்று கரகரத்தால் ஏ பெடலை இன்னும் விடவில்லை. இங்கே கால் முழுவதும் வலப்பக்கம் சாய்கிறது, முன்னதற்கு நேர் எதிர்த்திசை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் இடது கால் தானாக வழி கண்டுகொள்ளும்.

---

ஃபீனிக்ஸ்_சேஞ்சர்:

உங்கள் 2ஆம், 3ஆம் சிக்கல் காலில் இல்லை, ஸ்ருதியிலும் இயந்திரத்திலும் இருக்கின்றன.

6ஆம் ஃப்ரெட்டில் இறங்கிக் கேட்பது இயல்பு. ஸ்டீலில் மேஜர் மூன்றாம் ஸ்வரங்களை அதிர்வில்லாமல் இனிமையாக ஒலிக்கும்படி கட்டினால் அவை பியானோ ஸ்ருதியைவிட சுமார் 14 சென்ட் (அரை டோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி இருக்கும். ஈ மேஜருக்கு ஜி ஷார்ப் மூன்றாம் ஸ்வரம், அதனால் அது 14 சென்ட் கீழே. ஏ மேஜருக்கு சி ஷார்ப் மூன்றாம் ஸ்வரம், அதுவும் 14 சென்ட் கீழே. எஃப் லீவரின் ஸ்வரம் அந்த சி ஷார்ப்புக்கே மூன்றாம் ஸ்வரமாக வருவதால் 27 சென்ட் அளவுக்குக் கீழே போய்விடும். மூன்றும் சேர்ந்த கார்டு தனக்குள் சுத்தமாக இருக்கும், ஆனால் மொத்தமாக 14 சென்ட் தாழ்ந்து நிற்கும். 24 அங்குல ஸ்கேலில், 6ஆம் ஃப்ரெட் பக்கம், அது 3 மி.மீ.க்குச் சற்று மேல். ஏ + எஃப் நிலையில் டோன்பாரை ஃப்ரெட் கோட்டுக்கு அந்த அளவு வலப்பக்கம் வையுங்கள். ட்யூனரைப் பார்த்து எஃப் லீவரை மேலே முறுக்காதீர்கள், கார்டு கெட்டுவிடும்.

4ஆம் தந்தி திரும்பாதது வேறு கதை. அந்த ஒரு தந்தியை உங்கள் கித்தாரில் எல்கேஎல் ஏற்றுகிறது, சி பெடல் ஏற்றுகிறது, எல்கேஆர் இறக்குகிறது. ட்யூனரை மாட்டி, எல்கேஆரைத் தள்ளி விட்டு, மீட்டி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விட்ட பிறகு ஏறி நின்றால்: நட்டில் (இடக்கோடியில் தந்தி ரோலர்மேல் தங்கிச் செல்லும் இடம்) உராய்வு. ரோலர் சுற்றவில்லை, தந்தி அதில் சிக்கிக்கொண்டு முழுதாகத் தளரவில்லை. டர்பன் நகரப் பக்கம் கடல்காற்றின் உப்பு ரோலர் அச்சில் துருவாகப் பிடிப்பது சகஜம். தந்தியைக் கழற்றி, ரோலரை விரல்நுனியால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் லைட்டர் திரவம் இரண்டு துளி விட்டு அழுக்கைக் கரைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. சேஞ்சர் (தந்தியை இழுத்தும் தளர்த்தியும் ஸ்ருதியை மாற்றும் வலக்கோடிப் பகுதி) விரல்களின் இடுக்கிலும் ஒவ்வொரு துளி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம், நாளடைவில் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டிவிடும்.

விட்ட பிறகு இறங்கி நின்றால்: இறக்கும் விரலைத் திரும்ப இழுக்கும் ஸ்ப்ரிங்கில் வலு போதவில்லை, விரல் தன் நிறுத்தத்தில் போய் உட்காரவில்லை. ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் இறுக்குங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் எல்கேஆர் கல்லாகிவிடும், முழங்கால் சரியான நேரத்துக்குப் போகாது.

ஏற்றும் பக்கத்தில் இன்னொன்று. ராடின் முனையில் ஸ்ருதி சேர்க்க உள்ள நைலான் ட்யூனர் நட்டுக்கும் சேஞ்சர் விரலுக்கும் நடுவே, பெடல் ஓய்வில் இருக்கும்போது, சிறிது தளர்வு இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தந்தி ஒருபோதும் முழுதாக ஓய்வுக்கு வராது. தளர்வு மிஞ்சினால் பெடலின் முதல் பகுதி எதுவும் செய்யாமல் வீணாகும். டோங்காட்_செவி சொன்ன நேரக் கணக்கும் அதனால் குலைந்துபோகும்.

ஸ்ருதி சேர்க்கும் வரிசை: வெறும் தந்திகள் கீ ஹெட்டில் (இடக்கோடி முறுக்காணிகளில்). பிறகு ஏ, பி, சி பெடல்களை ஒவ்வொன்றாக முழுதாக அமுக்கி, வலக்கோடி நைலான் நட்டுகளில் (பல கித்தார்களில் 3/16 அங்குல நட்). கடைசியில் லீவர்கள். 5ஆம் தந்திக்கு ஏ பெடல், சி பெடல் இரண்டுக்கும் தனித்தனி நட் உண்டு, ஒன்றைச் சேர்த்தால் மற்றதும் சேர்ந்துவிடாது.

லீவர் கடினமாக இருந்தால்: பெல் கிராங்கில் (லீவரின் அசைவை ராடுக்குக் கடத்தும் சிறு கை) ராடை அச்சுக்கு அருகில் உள்ள துளைக்கு மாற்றுங்கள், மிருதுவாகும், ஆனால் பயணம் நீளும். தள்ளி மாட்டினால் பயணம் குறுகும், கடினமாகும். எஃப் லீவரும் ஏ பெடலும் ஒன்றாகப் போய்ச் சேர இந்தத் துளையை மாற்றிப் பார்ப்பது பல நேரம் பயிற்சியைவிட விரைவாகப் பலன் தரும்.

---

உம்கெனி_டே:

"டே முறைக்கு மாறிவிடுங்கள், எல்லாம் தீரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜிம்மி டே பெயரால் வழங்கும் அந்த முறையில் பெடல் வரிசை சி, பி, ஏ என்று திரும்பி இருக்கும், எஃப் லீவரும் எல்கேஆர் பக்கம் போய்விடும். அங்கேயும் பாதமும் முழங்காலும் ஒரே திசையில்தான் சாய்கின்றன, திசை மட்டும் வலம். நன்மையும் சிரமமும் ஒன்றே.

வால்யூம் சிக்கலுக்கு: உங்கள் அமைப்பில் வலது முழங்கால் லீவர் இரண்டும் 4ஆம் தந்தியைத் தொடுவதில்லை. ஆகவே 4ஆம் தந்தியை மட்டும் மீட்டி, ஒலி நீடிக்கும்போது ஆர்கேஆரையும் ஆர்கேஎல்லையும் மெதுவாகத் தள்ளுங்கள். ஒலி அளவில் கேட்கும் ஏற்ற இறக்கம் அத்தனையும் உங்கள் பாதம் செய்வது. நம்மூர்த் துணி ஃபேக்டரிகளில் தையல் மெஷின்மேல் உட்காருகிறவர்களைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்: துணியை அமுக்கும் கட்டையை வலது முழங்கால் தூக்கும், வேகத்தைப் பாதம் பார்த்துக்கொள்ளும், ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யாது. அசைவு இடுப்பிலிருந்து வர வேண்டும். கணுக்காலைத் திருப்பி முழங்காலைத் தள்ளினால் பெருவிரல் அமுங்கி வால்யூம் ஏறும்.

வால்யூம் பெடலை வலது லீவர்களின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே வையுங்கள். பெடல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆர்கேஎல்லுக்கு முழங்கால் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கும். மீட்டும்போது பாதியளவில் தொடங்குங்கள், மிச்சப் பாதி ஒலி தேயும்போது தாங்கிப் பிடிக்க. மீட்டும்போதே முழுதாக அமுக்கிவிட்டால் பிறகு பாதத்துக்கு வேலையே இல்லை, முழங்கால் அசையும்போது பின்வாங்க மட்டும்தான் முடியும்.

---

சாட்ஸ்வர்த்_ஸ்டீல்:

மிக்க நன்றி ஐயா, அண்ணன்மார்களே. அட்டவணைப்படி கேட்டுப் பார்த்தேன். 6இல் எனக்கு வருவது ஜி மைனர், அதாவது முழங்கால். 10இல் வருவது மூன்றாம் ஸ்வரம் இல்லாத வெற்றுச் சத்தம். 4ஆம் தந்தி விட்ட பிறகு ஏறி நிற்கிறது, ஆகவே ரோலரைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.

இன்னொரு கேள்வி. சபையில் ஷூவுடன் வாசிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு கோயில் மண்டபத்தில் பஜனைக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே வெறுங்கால்தான். இரண்டுக்கும் ஒரே அமைப்பு போதுமா?

---

நேட்டால்_தந்தி:

போதாது, ஆனால் கித்தாரைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஷூவைக் கழற்றினால் குதிகாலும் முழங்காலும் அடிப்பாகத்தின் தடிமன் அளவுக்குக் கீழே இறங்கும். பக்கவாட்டு லீவர்களை முழங்கால் தொடும் இடம் தாழும், தொடையும் முன்பக்கம் சரியும். ஸ்டூலை அதே அளவு தாழ்த்தினால் தொடை மட்டமாகும், ஆனால் கை வாத்தியத்துக்குக் கீழே போய்விடும், அது வேண்டாம். அடிப்பாகத்தின் தடிமனுக்குச் சமமான ரப்பர் பாயை இடது குதிகாலுக்கு அடியில் மட்டும் விரியுங்கள், முழங்கால் ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்துவிடும். பாய் வழுக்காதபடி அடியில் டேப் ஒட்டுங்கள்.

வெறுந்தோல் பெடலில் ஒட்டிக்கொள்ளும், சாய்க்கும்போது பாதம் வழுக்கிப் போகாது. 10ஆம் ஃப்ரெட்டில் ஏ பெடல் நழுவும் சிக்கலுக்கு அது நல்லது, ஆனால் பி-யிலிருந்து சி-க்குப் பாதத்தை நகர்த்தும்போது சிக்கும். மண்டபத்தில் அனுமதித்தால் மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஷூவின் விறைப்பான அடிப்பாகம் இல்லாததால் பாதம் இரண்டு பெடலுக்கும் நடுவே வளையும், ஏ + பி சேர்த்து அமுக்கும்போது ஒன்று முழுதாக இறங்காமல் நிற்கும். 10ஆம் ஃப்ரெட்டில் பி மைனர் சாயல் கேட்டால் காரணம் அதுதான். பாதத்தை அரை அங்குலம் முன்னால் தள்ளி, விரல்களின் அடிமேடு பெடல்கள்மேல் விழும்படி வையுங்கள்.

ஷூவோடும் இல்லாமலும் மாறி மாறி வாசிக்கப்போகிறீர்கள் என்றால் சபைக்கும் தடித்த ஹீல் ஷூ வேண்டாம், மெல்லிய தட்டையான தோல் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். வித்தியாசம் 5, 6 மி.மீ.க்குள் அடங்கிவிட்டால் பாய்கூடத் தேவைப்படாது. பஜனைக்கு முன்னால் ஒரு வாரமாவது வீட்டில் வெறுங்காலோடு அந்த 3, 6, 10 பயிற்சியைச் செய்துவிட்டுப் போங்கள்.